கார்ட்டூன் பார்க்கிற மனுஷன்

விசாரணை என்னவோ பதினோரு மணிக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் விடிவதற்கு முன்பே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

வக்கீலண்ணன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கிவிட்டார். கையில் கறுப்புப் பை, வாய் நிறைய அறிவுரை. தம்பி குளிக்கிறான் என்று தெரிந்ததும் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ பாரும்மா. அங்க வந்து நீ வாயே திறக்கக் கூடாது. மன அழுத்தம், வேலைப் பளு, மன்னிச்சிடுங்கன்னு அவன் ஒரு வரி சொல்லிட்டு உக்காந்துடணும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"சரி அத்தான்."

"அந்தக் கார்ட்டூன் பேச்சே வரக் கூடாது. ஐம்பதை நெருங்கற மனுஷன்! வெளியில சொன்னா சிரிப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் மேசையில் உட்கார்ந்து, ஊரார் இடுப்பைச் சுருக்கியும் பெருக்கியும் தைப்பவள். தொழிலுக்கும் பொருந்தும், வாய்க்கும் பொருந்தும் என்று கணவர்தான் அந்தப் பெயரை வைத்தார். அந்த வாய்தான் சில நாட்களாகத் தையல் போட்டது போல மூடிக் கிடந்தது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். பாவம், கணவருக்குத் தெரியாது.

அவள் கணவருக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. காதில் ஹெட்போன், எதிரே திரை. யார் உயிருக்குத் தவித்தாலும் முதலில் கேட்பது அவருடைய குரலைத்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஒரு பெண் அழைத்தாள். கணவருக்கு மூச்சில்லை என்றாள். வண்டி வந்து சேரும்வரை நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று போனிலேயே சொல்லிக்கொடுப்பது வழக்கம். அப்படிச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். அந்த வீட்டு டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த சூப்பர் ஹீரோ கார்ட்டூனின் பாட்டைச் சத்தமாக வைக்கச் சொல்லி, அதன் தாளத்துக்கு அழுத்தச் சொன்னார். போதாததற்குத் தானும் கூடவே பாடினார்.

நோயாளியின் மகன் புகார் கொடுத்துவிட்டான். உயிர் போகிற நேரத்தில் ஒரு ஊழியர் தங்களைக் கேலி செய்ததாக எழுதியிருந்தான். நோயாளி இன்னும் கண் திறக்கவில்லை.

இதில் ஊசி எங்கே வருகிறாள் என்றால், மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போன் செய்த இடத்தில் வருகிறாள். "வீட்ல எப்படிம்மா இருக்கார்?" என்று அவர் கரிசனமாகத்தான் கேட்டார். இரக்கம் வரட்டுமே என்று இவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கார்ட்டூனையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். சில நேரம் அழுகிறார் என்றும் சொன்னாள்.

அழுகை அவளாகச் சேர்த்தது. அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

அந்த அலுவலகத்தில் உள்ளே வரும் அழைப்பும் வெளியே போகும் அழைப்பும், ஒன்று விடாமல் பதிவாகும். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவந்த விஷயம் அது. போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று சொல்லிவிட வேண்டும். அங்கே அவர்கள் சொல்வதற்கு முன்னால், நம் வாயால் சொல்லிவிட வேண்டும்.

ஹாலுக்கு வந்தாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரி, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் சத்தம் குறைவாக அதே கார்ட்டூன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னைக்குமா?"

"கொஞ்ச நேரம்தான். இது முடிஞ்சதும் கிளம்பிடலாம்."

"உங்கண்ணன் அடுப்படியில நின்னு தலையில அடிச்சுக்கறார். இதனாலதானே எல்லாம் வந்துச்சு? இதை நிறுத்தினா என்ன குடி முழுகிடும்?"

ரிமோட்டைப் பிடுங்கி அணைக்கத்தான் அவள் கிட்டே போனாள். ஆனால் ரிமோட் அவருக்கு அந்தப் பக்கம் கிடந்தது. எட்டி எடுக்கப் போய், சோபாவில் உட்கார்ந்து, அப்படியே திரையைப் பார்த்துவிட்டாள்.

கதாநாயகன் பெயர் செவியன். தொப்பை போட்ட நீல உடம்பு, பெரிய காதுகள், தோளில் ஒட்டுப்போட்ட துணி. ஒட்டு கோணலாக இருந்தது. அவளாக இருந்தால் பிரித்துத் தைத்திருப்பாள். நகரத்தில் எந்த மூலையில் யார் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கும். பறக்கவும் செய்வான். ஆனால் இருப்பது ஒரே ஒரு செவியன்தானே? ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் போக முடியும். மற்ற குரல்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பாலம் இடிந்தது. ராட்சசன் வந்தான். செவியன் குத்து விட்டான், குத்து வாங்கினான், பஸ்ஸைத் தாங்கிப் பிடித்தான். ராட்சசன் ஆற்றில் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழப்போனாள்.

படம் முடியவில்லை.

செவியன் நகரத்தின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் படியேறிப் போனான். பறக்கத் தெரிந்தவன் நடந்து ஏறினான். ஒரு கதவைத் தட்டினான். கதவைத் திறந்த ஆள் அவனைப் பார்த்ததும் மூடிவிட்டான். செவியன் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு மறுபடியும் திறந்தது. "கூப்பிட்டேனே, கேட்டுச்சா?" என்றான் அந்த ஆள். "கேட்டுச்சு," என்றான் செவியன். அந்த ஆள் திட்டத் தொடங்கினான். செவியன் காதை மூடிக்கொள்ளாமல் நின்று கேட்டான்.

ஊசி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இவன் ஏன் அங்க போறான்? சண்டைதான் முடிஞ்சுபோச்சே?"

"அதுக்கப்புறம்தான் கதையே."

"பிள்ளைங்களுக்கு இதெல்லாம் புரியுமா?"

"சண்டை முடிஞ்சதும் பிள்ளைங்க எழுந்து ஓடிடும். உக்காந்திருக்கறது எங்களை மாதிரி கிழங்கட்டைங்கதான்." அவர் லேசாகச் சிரித்தார். பல நாள் கழித்து வந்த சிரிப்பு. "ரசிகருங்க குழு ஒண்ணு இருக்கு. யார் யார் இருக்காங்க தெரியுமா? ஒரு தீயணைப்புக்காரர். ஒரு பல் டாக்டர். பரீட்சையில ஃபெயில் போட்ட பையன் வீட்டுக்குப் போகலாமா வேண்டாமான்னு தவிக்கற ஒரு வாத்தியார். பொண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு அவ போனை எடுக்கலைன்னா தூங்காத ஒரு அப்பா. எல்லாருக்கும் ஒரு கதவு இருக்கு. போய்த் தட்டத்தான் தைரியம் இல்ல."

"உங்களுக்கு?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "வண்டி போய்ச் சேந்ததும் எனக்கு லைன் கட்டாயிடும், ஊசி. பொழைச்சாங்களா போனாங்களா, ஒண்ணும் தெரியாது. திருப்பிக் கூப்பிட்டுக் கேக்கக் கூடாது, அது சட்டம். அடுத்த போன் வந்துடும். வருஷக்கணக்கா நான் கேட்ட எந்தக் கதைக்கும் முடிவு தெரியாது. இவன் போறான் பாரு. திட்டு வாங்கினாலும் தெரிஞ்சுக்கறான்."

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு பேசியது குறைவு. ஏனென்றால் அவள் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை மாதிரி என்று ஊருக்குச் சொல்லத் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"போன வாரம் உங்க ஆபீஸ்லேர்ந்து..."

"டாக்ஸி வந்தாச்சு!" வக்கீலண்ணன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் கிளம்புங்க. நேரத்துக்குப் போறதே பாதி வெற்றி."

கணவர் எழுந்துவிட்டார். டாக்ஸியில் முன் சீட்டில் அவர், பின் சீட்டில் அண்ணனும் அவளும். வழி நெடுக அண்ணன் சட்டம் பேசினார். கணவரின் பின்னங்கழுத்தைப் பார்த்தபடியே அவள் வந்தாள். சொல்லத்தான் முடியவில்லை.

கட்டுப்பாட்டு அறை பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் இருந்தது. முன்கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஐ.சி.யூ. அங்கேதான் அந்த நோயாளி படுத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாளும் கணவர் தினம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தார்.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் விசாரணை அதிகாரி அம்மாள், பக்கத்தில் மேற்பார்வையாளர். எதிர்வரிசையில் நோயாளியின் மகன். வயது முப்பதுக்குள் இருக்கும், சவரம் செய்து பல நாளாகியிருந்தது. அவனைத் திட்ட வேண்டும் என்று வந்த ஊசிக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"முதல்ல அழைப்பைக் கேட்டுடலாம்," என்றார் அதிகாரி.

பதிவு ஓடியது. ஒரு பெண் அலறினாள். ஊசியின் கணவர் குரல் நிதானமாக வந்தது. கையை எங்கே வைக்க வேண்டும், எப்படி அழுத்த வேண்டும் என்று சொன்னது. "என்கூட எண்ணுங்கம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ண வரலியே... ஐயோ, எனக்கு எண்ணவே வரலியே..."

"பின்னால ஒரு பாட்டு ஓடுதே, உங்க வீட்டு டி.வி.யா?"

"அணைச்சிடறேன், அணைச்சிடறேன்..."

"அணைக்காதீங்க! பக்கத்துல ரிமோட் இருந்தா சத்தமா வைங்க. அந்தக் கொட்டு விழற இடத்துல எல்லாம் அழுத்துங்க. நானும் பாடறேன், நிறுத்தாதீங்க."

பிறகு அவர் பாடினார். சுருதியும் இல்லை, சுகமும் இல்லை. மேசையில் யாரோ செருமினார்கள். வக்கீலண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி மட்டும் அந்தப் பாட்டுக்கு அடியில் கேட்டாள். அந்தப் பெண்ணின் அழுகை நின்று, மூச்சு ஒரு தாளத்துக்கு வந்திருந்தது. பாட்டு முடிய, அவர் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். கதவு தட்டும் சத்தம். "வந்துட்டாங்க!" என்றாள் அந்தப் பெண். உடனே அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"எங்கப்பா சாகக் கிடக்கறார், இவர் பாடறார்," என்றான் மகன். "உங்க வீட்ல நடந்தா பாடுவீங்களா சார்?"

கணவர் அவனை நேராகப் பார்த்தார். "பாடுவேன் தம்பி."

வக்கீலண்ணன் மேசைக்கு அடியில் தம்பியின் காலை மிதித்தார்.

அதிகாரி கேட்டார். "கையேட்டுல எண்ணத்தானே சொல்லியிருக்கு?"

"ஆமா மேடம். அவங்களுக்கு எண்ண வரல. தாளம் தப்பிப் போச்சு. அந்தப் பாட்டோட வேகம் சரியா இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தினம் பாக்கறேன் மேடம்."

"இந்த வயசுலயா?"

அவர் தலை குனிந்தார். மேற்பார்வையாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அது விஷயமா இன்னொரு பதிவு இருக்கு மேடம். இவர் அந்த நாற்காலியில உக்கார்ற மனநிலையில இருக்காரான்னு பாக்கணும் இல்லையா? வீட்டுக்குப் போன் பண்ணினோம்."

ஊசி கணவரைப் பார்த்தாள். இனி சொல்ல நேரமில்லை.

அவளுடைய குரலே அந்த அறையில் ஒலித்தது. "பாவம் சார். வீட்டுக்கு வந்தா சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கார்ட்டூனையே பாத்துட்டு உக்காந்திருக்கார். ஒரு வார்த்தை பேசறதில்ல. சில நேரம் அழறார்கூட. எனக்குப் பயமா இருக்கு சார்."

எவ்வளவு இனிமையாக, எவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்கிறாள்! பொய் என்று யாருமே சொல்ல மாட்டார்கள்.

கணவர் திரும்பவில்லை. கேட்டதும் அவருடைய தோள் சற்றே இறங்கியது, அவ்வளவுதான். அவர் திரும்பி முறைத்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் எழுந்தாள். வக்கீலண்ணன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள்.

"மேடம், அழறார்னு சொன்னது பொய். நானா சேத்தது. நீங்க இரக்கப்பட்டு விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ மத்தது?"

"கார்ட்டூன் பாக்கறது நிஜம். சின்னப் பிள்ளை மாதிரின்னு சொன்னேன் பாருங்க, அது எனக்குத் தெரியாம சொன்னது. அதை நான் பாத்ததே இல்ல. இன்னைக்குக் காலையிலதான் முதல் தடவையா பாத்தேன்."

"உக்காரும்மா," என்றார் வக்கீலண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுல ஒருத்தனுக்கு எல்லாரும் கூப்பிடறது கேக்குது மேடம். போக முடியறது ஒரு இடத்துக்குத்தான். சண்டை முடிஞ்சதும், போக முடியாமப் போன வீட்டுக்குப் போய் நின்னு திட்டு வாங்கறான். பிள்ளைங்க பாக்கற கதையா அது? இந்த ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டறவங்க பாக்கற கதை. இவருக்கு ஒரு போனாவது எப்படி முடிஞ்சதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்களா? இந்தத் தம்பியோட அப்பாவுக்கு எப்படி இருக்குன்னாவது சொன்னீங்களா? புகார் வந்ததை மட்டும் உடனே சொன்னீங்க."

"நாங்க கதை கேக்க வரல," என்றான் மகன். ஆனால் முன்பிருந்த வேகம் அதில் இல்லை.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "உங்க ஆதங்கம் புரியுதும்மா. கையேடும் இருக்கே. முடிவு வெள்ளிக்கிழமை." பிறகு கணவரிடம் திரும்பினார். "அதுவரைக்கும் நீங்களோ உங்க வீட்டாளுங்களோ நோயாளியையோ அவங்க குடும்பத்தையோ பாக்கக் கூடாது, பேசக் கூடாது. மீறினா முடிவுக்கே அவசியம் இருக்காது. நேரா வேலை நீக்கம்தான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

வெளியே வந்ததும் மகன் விறுவிறுவென்று முன்கட்டடத்துக்குப் போய்விட்டான். நடைக்கூடத்தில் வக்கீலண்ணன் பொரிந்து தள்ளினார். "வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா? பொய்னு நீயே ஒத்துக்கிட்டியே! அவ்வளவும் போச்சு!"

ஊசி கணவரின் பக்கத்தில் போய் நின்றாள். "காலையில சொல்ல வந்தேன்."

அவர் ஜன்னல் வழியே முன்கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இங்கே அழுதால் அதையும் அவர் நம்ப மாட்டார் என்று அடக்கிக்கொண்டாள்.

நடைக்கூடத்துக் கோடி பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி மெல்ல எழுந்து வந்தாள். நடுத்தர வயசு. தூக்கமில்லாத கண்கள். மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சார்..." என்றாள்.

ஒரே ஒரு சொல்தான். கணவர் சட்டென்று திரும்பினார். முகத்தை அவர் பார்த்ததில்லை, குரலை அவரால் மறக்க முடியாது.

"நீங்கதானே அந்தக் குரல்?" என்றாள் அவள். "பையன் புகார் கொடுத்தது எனக்கு நேத்துதான் தெரியும் சார். அவன்மேல கோவிச்சுக்காதீங்க. அப்பா கார்ட்டூன் பாப்பார்னு சொல்ல அவனுக்குச் சங்கடம். அவர் பெரிய கம்பெனியில ஆடிட்டர். கதவைச் சாத்திட்டுத்தான் பாப்பார்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "டாக்டருங்க ஒண்ணும் பிடிகொடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. காலையில விரல் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. இல்ல என் கண்ணுக்குத்தான் அப்படித் தோணுச்சோ. ஒரு தடவை வந்து பாருங்க சார். உங்க குரல் கேட்டா..."

"அம்மா, போங்க, ப்ளீஸ்," வக்கீலண்ணன் நடுவில் புகுந்தார். "இவன் உங்களோட பேசவே கூடாது. பாத்தா வேலை போயிடும். டேய், நகரு!"

கணவரின் வாய் ஏதோ கேட்கத் திறந்தது, மூடிக்கொண்டது. ஊசி அவரைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் காத்திருந்தது எதிரே வந்து நின்று கூப்பிடுகிறது. போனால் அந்த நாற்காலியில் இனி அவர் உட்கார முடியாது.

அந்தப் பெண்மணிக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு, திரும்பி நடக்கத் தொடங்கினாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

"ஊசி," என்றார் அவர். பதிவைக் கேட்ட பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"சொல்லுங்க."

"நீ போயிட்டு வர்றியா?"

வக்கீலண்ணன் தலையில் கைவைத்தார். "வீட்டாளுங்களும்னு சொன்னாங்கடா! காதுல விழலையா?"

"விழுந்துச்சுண்ணா." அவர் மனைவியின் முகத்தை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார். கோபம் இன்னும் அங்கேதான் இருந்தது. "எப்படி இருக்கார்னு பாத்துட்டு வந்து சொல்லு. பாத்ததை மட்டும் சொல்லு. நல்லதோ கெட்டதோ, நீயா ஒண்ணும் சேக்காதே."

அவள் கைப்பையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தப் பெண்மணியைப் பிடித்தாள். இருவரும் முன்கட்டடத்துக்குப் போய் லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடி வந்தது.

ஐ.சி.யூ. வாசலில் நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். "நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"

ஒரு பொய் அவளுக்கு நாக்கு வரை வந்துவிட்டது. தங்கை என்று சொன்னால் போதும், உடனே விட்டுவிடுவார்கள். விழுங்கிக்கொண்டாள்.

"சொந்தம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள் ஊசி. "அன்னைக்குப் போன்ல பாடினாரே, அவரோட சம்சாரம்."

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தோளுக்கு மேலாக உள்ளே திரும்பி, "டாக்டர், கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள்.

உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. டாக்டருக்குப் பின்னால், கையில் மருந்துச் சீட்டோடு, நோயாளியின் மகன் வந்துகொண்டிருந்தான். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று ஊசி அங்கேயே நின்றாள்.